போலிக் அமில மாத்திரை: எது, எப்போது, யாருக்கு?



"நர்சம்மா குடுத்த சிவப்பு மாத்திரையும், கடையில வாங்கின மஞ்சள் மாத்திரையும் ஒண்ணுதானே?" என்று தாய்மார்கள் பலர் கேட்கிறார்கள். இரண்டிலும் போலிக் அமிலம் என்ற வைட்டமின் இருக்கிறது. ஆனால் அளவு வேறு; கூடச் சேர்ந்த சத்து வேறு; சாப்பிட வேண்டிய காலமும் வேறு.

இந்தச் சத்து எதற்கு?

இரத்தம் ஊறவும், வயிற்றுப் பிள்ளை வளரவும் இது தேவை. கரு உண்டான முதல் 28 நாட்களுக்குள், குழந்தையின் மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் ஆதாரமான நரம்புக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். இந்தச் சத்து குறைந்தால் அது சரியாக மூடாமல் போகலாம். அப்போது மண்டை ஓடு உருவாகாத குழந்தையோ, முதுகில் கட்டியும் விளங்காத கால்களுமாக ஒரு குழந்தையோ பிறக்கக் கூடும். இது கிரகணத்தால் வருவதல்ல; தாய் செய்த பாவமும் அல்ல.

நாள் தள்ளிப் போனால், "அடுத்த மாசமும் பாப்போம்" என்று பலர் இருந்து விடுகிறார்கள். இரண்டாம் முறையும் தள்ளிப் போய் நர்சம்மாவிடம் வரும்போது, அந்தக் குழாய் மூட வேண்டிய காலம் கடந்து விட்டிருக்கும். ஆகவே முழுகாமல் ஆவதற்கு முன்பே மாத்திரையைத் தொடங்க வேண்டும்.

1. சிறிய அளவு மாத்திரை

இதில் இருப்பது 400 மைக்ரோ கிராம் போலிக் அமிலம் மட்டுமே. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு ஏற்றது இதுதான். குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் முதல் 3 மாதமும் தினம் ஒன்று சாப்பிட வேண்டும்.

2. சிவப்பு மாத்திரை

இதில் 60 மில்லி கிராம் இரும்புச் சத்தும் 500 மைக்ரோ கிராம் போலிக் அமிலமும் உண்டு. இது இரத்தசோகையைத் தடுப்பதற்கு. 2018-ல் தொடங்கிய 'இரத்தசோகை இல்லா பாரதம்' திட்டத்தின்படி, 4-ம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாட்களும், பிரசவத்துக்குப் பின் 180 நாட்களும் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். "பிள்ளை கறுத்துப் போகும்" என்பது வீண் பேச்சு. மாத்திரையோடு டீ, காப்பி குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையையும் வேறு நேரத்தில் போடுங்கள்.

3. 5 மில்லி கிராம் மாத்திரை

இது சிறிய மாத்திரையைப் போல 12 மடங்குக்கு மேல். முன்பு இத்தகைய குறையோடு குழந்தை பெற்றவர்கள், வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பார். முன்பு குறையுள்ள குழந்தை பெற்ற பெண்களிடம் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 1991-ல் வெளியானது. 4 மில்லி கிராம் போலிக் அமிலம் அக்குறை மறுபடி வருவதை 100-க்கு 72 அளவு குறைத்தது என்று அதில் தெரிய வந்தது. மற்றவர்கள் "கூடப் போட்டா கூட நல்லது" என்று தாமாக வாங்க வேண்டாம். அளவு மிஞ்சினால், பி-12 வைட்டமின் குறைவு இருப்பதே வெளியில் தெரியாமல் மறைந்துவிடலாம்.

4. டானிக்கும் விலை கூடிய மாத்திரையும்

மெத்தில் போலேட் என்ற பெயரில் விலை கூடிய மாத்திரைகள் விற்கின்றன. ஆனால் இந்தப் பிறவிக் குறையைத் தடுப்பதாக ஆராய்ச்சிகளில் நிரூபணமானது சாதாரண போலிக் அமிலம்தான். பல வைட்டமின் கலந்த டானிக்குகளை ஒன்றுக்கு மேல் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். வைட்டமின் 'ஏ' மிக அதிகமானால் கருவுக்குக் கெடுதல்.

5. கீரையும் பயறும்

அரைக்கீரை, முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் இச்சத்து உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினால் சத்தும் போய்விடும். மாத்திரையில் உள்ளது உணவில் உள்ளதைவிட எளிதில் உடம்பில் சேரும். ஆகையால் கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

கணவன்மார்களுக்கு

இது பெண்ணின் வேலை மட்டுமல்ல. அடுத்த பிள்ளைக்கு நாள் குறிப்பது இருவரும் சேர்ந்துதான். காப்பர்-டி எடுக்கவோ, கருத்தடை மாத்திரையை நிறுத்தவோ தீர்மானித்தால், அதற்கு ஒரு மாதம் முன்பே துணை சுகாதார நிலையத்துக்கு இருவரும் சென்று போலிக் அமில மாத்திரையைக் கேளுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின், "இன்னைக்கு மாத்திரை போட்டியா?" என்று நீங்களே கேட்கலாம்.

மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சிவப்பு மாத்திரையை மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

எந்த மாத்திரை என்று சந்தேகம் வந்தால், அட்டையை எடுத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள்.