பி.எம்.எக்ஸ். சைக்கிள்: எந்தக் கம்பெனி வாங்கலாம்?

"அம்மா, பரீட்சை முடிஞ்சதும் எனக்கு பி.எம்.எக்ஸ். சைக்கிள் வேணும்!" எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் கோடை விடுமுறை இந்தக் கோரிக்கையோடுதான் பிறக்கிறது. எங்கள் வீடும் விலக்கல்ல. நாங்கள் குடியிருப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். தெருமுனையைத் தாண்டினால் லாரிகள்தான். அதனால் சைக்கிள் என்றதும் எனக்கு விலைக்கு முன்னால் பிரேக்தான் ஞாபகம் வரும்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். ஆளுக்கொரு கட்சி! "ஹெர்குலிஸ் வாங்கு, எங்கப்பா காலத்து நம்பிக்கை" என்றார் எதிர்வீட்டு அக்கா. "ஹீரோன்னா எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும்" என்றாள் மாடிவீட்டுப் பெண். "பி.எஸ்.ஏ.தான் பார்க்க லட்சணம்" என்றாள் இன்னொருத்தி.

எல்லாமே பழைய பெயர்கள்தான். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1951-ல் அம்பத்தூரிலிருந்து முதல் ஹெர்குலிஸ் வெளிவந்தது. அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேரும் வரை நம் திருவள்ளூர் மாவட்டம்தான்! பி.எஸ்.ஏ.வும் அதே வீட்டுப் பிள்ளை. அந்த மூன்றெழுத்து 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்' என்பதன் சுருக்கம். ஆதியில் துப்பாக்கி செய்த கம்பெனி அது. ஹீரோ 1956-ல் லூதியானாவில் பிறந்து, 1986-ல் உலகிலேயே அதிக சைக்கிள் தயாரிப்பதாக கின்னஸில் இடம்பிடித்தது.

ஆனால் சகோதரிகளே, பி.எம்.எக்ஸ். என்பது கம்பெனிப் பெயர் அல்ல. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்த சிறுவர்கள் மண் மேட்டில் சைக்கிளை ஓட்டிப் பழகியதில் பிறந்த விளையாட்டு அது. 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்ஸிலும் சேர்ந்தது. அசல் பந்தய வண்டிக்கு 20 அங்குலச் சக்கரம், ஒரே கியர், மட்கார்டு கிடையாது. பெரும்பாலும் பின் பிரேக் மட்டும்தான். மைதானத்துக்கு அது சரி, லாரி ஓடும் ரோட்டுக்குச் சரிப்படுமா? நம் கடைகளிலோ தடித்த டயர் போட்ட சின்ன வண்டி எல்லாமே 'பி.எம்.எக்ஸ்.'தான்!

ஆகவே ஸ்டிக்கரைப் பார்க்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

உயரம்: பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு கால்களின் முன்பாதமும் தரையில் பட வேண்டும். "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிய வண்டி வாங்காதீர்கள். சட்டைதான் தொளதொளவென்று இருக்கலாம், சைக்கிள் இருக்கக் கூடாது.

பிரேக்: முன்னும் பின்னும் இரண்டும் வேண்டும். பிள்ளையின் விரல் லிவரை எட்டுகிறதா, அழுத்தப் பலம் இருக்கிறதா என்று அவனையே பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

செயின் கார்டு: பல மாடல்களில் இது பெயருக்குத்தான் இருக்கும். பாவாடை, துப்பட்டா அணியும் பெண் குழந்தைக்கு முழுதாக மூடிய கார்டு அவசியம்.

பின் சக்கரம்: அச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் வித்தை காட்டுவதற்கானவை. அதில் தம்பி தங்கையை நிற்க வைத்து ஓட்ட விடாதீர்கள். கேரியரில் உட்காரும் சின்னக் குழந்தையின் குதிகால் ஸ்போக்ஸில் சிக்கினால் காயம் ஆழமாக இருக்கும்.

கைப்பிடி ரப்பர்: இது கிழிந்து குழாயின் முனை தெரிந்தால் உடனே மாற்றுங்கள். கீழே விழும்போது அந்த முனை வயிற்றில் குத்தினால், வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே கல்லீரல், மண்ணீரல், கணையம் அடிபடலாம். விழுந்த பிறகு வயிற்றுவலி, வாந்தி, முகம் வெளிறுதல் எது இருந்தாலும் "சூடு ஒத்தடம் போட்டா சரியாயிடும்" என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஹேண்டில்பார் குத்தியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஹெல்மெட்டுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். இதெல்லாம் சரியாக அமைந்த பிறகு ஹெர்குலிஸா, ஹீரோவா, பி.எஸ்.ஏ.வா என்பதைப் பிள்ளையின் ஆசைக்கே விட்டுவிடலாம். எங்கள் கடைக்காரர் சொல்வதுபோல், பக்கத்துத் தெருவில் ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கும் வண்டியே நல்ல வண்டி. ஞாயிற்றுக்கிழமை தோறும் காற்றையும் பிரேக்கையும் பிள்ளையே சோதிக்கட்டும். கூடவே நீங்களும் நின்று பாருங்கள்.