சீடத்துவ அழைப்பு குருமடத்திற்கு மட்டுமா? பங்கு வாழ்வில் பொதுநிலையினரின் பொறுப்பு

அலோர் காஜா: ‘இறை அழைத்தல்’ என்றதும் கத்தோலிக்கக் குடும்பங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது குருமடத்திற்குச் செல்லும் இளைஞரும் கன்னியர் மடத்தில் சேரும் பெண்ணும்தான். தோட்டத்தில் வேலை செய்பவர், தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர், பிள்ளைகளை வளர்க்கும் தாய், பணி ஓய்வு பெற்றவர் ஆகியோருக்கு அந்த அழைப்பு இல்லையா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது.

இக்கேள்விக்குத் திருச்சபை தெளிவான பதில் வைத்திருக்கிறது. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் சீடராக அழைக்கப்பட்டவரே. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை அழுத்தமாகச் சொன்னது. தூய வாழ்வுக்கான அழைப்பு குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டுமின்றி அனைவருக்கும் பொதுவானது என்று அது எடுத்துரைத்தது. பொதுநிலையினரின் பணி குறித்துத் தனியாக ஓர் ஏட்டையே 1965 நவம்பர் 18-இல் வெளியிட்டது.

சீடர் என்பவர் யார்?

சீடர் என்றால் மாணவர். குருவின் அருகிலிருந்து கற்பவர். நற்செய்தியில் இயேசு அழைத்தவர்களில் பலர் அன்றாட வேலையில் இருந்தவர்கள். சிலர் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சுங்கச் சாவடியில் வரி வசூலித்துக்கொண்டிருந்தார். படித்த தகுதியோ சமூக மதிப்போ பார்த்து அவர்கள் தேர்ந்தெடுக்கப்படவில்லை. செல்வம் மிகுந்த இளைஞர் ஒருவர் அழைப்பைக் கேட்டும் தம் உடைமைகளை விட மனமின்றி வருத்தத்தோடு திரும்பிப் போன நிகழ்வும் அதே நற்செய்தியில் உண்டு. அழைப்பு கட்டாயமன்று. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம்.

மலாக்காவும் முத்துக்குளித்துறையும்

அலோர் காஜா மலாக்கா–ஜொகூர் மறைமாவட்டத்திற்குள் அடங்கும். இம்மறைமாவட்டம் 1972-ஆம் ஆண்டில் உருவானது. ஆனால், மலாக்காவில் கத்தோலிக்க சமயத்தின் வரலாறு போர்த்துகீசியர் 1511-இல் நகரைக் கைப்பற்றிய காலத்திலிருந்தே தொடங்குகிறது. நகரிலுள்ள புனித பேதுரு தேவாலயம் 1710-இல் கட்டப்பட்டது. நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய கத்தோலிக்க ஆலயம் அதுவே.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் முதன்முறையாக மலாக்காவிற்கு வந்தார். அதற்கு முன்பு, 1542 முதல், அவர் தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் மீனவ மக்களிடையே பணியாற்றினார். தமிழ் அவருக்குப் பழக்கமில்லாத மொழி. உள்ளூர் மக்களின் துணையோடு மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்த்து, மனனம் செய்து கற்பித்தார். மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார்.

ஒவ்வோர் ஊரிலும் அவர் தங்கியிருக்க இயலாது. ஆகவே, தாம் புறப்பட்ட பின் மன்றாட்டை நடத்தவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் ஊர் மக்களில் ஒருவரை நியமித்தார். அவர்கள் ‘கணக்கப்பிள்ளை’ என அழைக்கப்பட்டனர். குரு இல்லாத நாள்களில் ஊரின் நம்பிக்கையைக் காத்தவர்கள் இவர்களே. பிற்காலத்தில் உபதேசியார், வேதியர் என்று தமிழ்க் கத்தோலிக்கர் மரியாதையோடு அழைத்தவர்களுக்கு இவர்கள் முன்னோடிகள்.

மலாக்காவும் பொதுநிலையினர் ஒருவரின் அழைப்புக்குச் சாட்சியாக இருந்திருக்கிறது. அஞ்சிரோ என்ற ஜப்பானியர் 1547-இல் சவேரியாரை இங்குதான் சந்தித்தார். பின்னர் கோவாவில் திருமுழுக்குப் பெற்று, 1549-இல் சவேரியாரின் ஜப்பான் பயணத்திற்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர் அவரே. சவேரியார் 1552-இல் சீனக் கடற்கரை அருகே இறந்தார். அவரது உடல் 1553-இல் மலாக்காவின் செயின்ட் பால் குன்றில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்து, பின்னர் கோவாவிற்குக் கொண்டு செல்லப்பட்டது.

குடும்பத்தவரான ஒரு புனிதர்

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு புனித தேவசகாயம். 1712-இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர், மணமானவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சாதி வேறுபாடு பார்க்காமல் எல்லாரோடும் பழகியது அன்றைய மேல்தட்டினரின் சினத்தைத் தூண்டியது. சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலையினர் புனிதர் அவர். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். குடும்பத்தோடும் வேலையோடும் வாழ்ந்தவர். எல்லாரையும் சமமாக நடத்தியதே அவரது சீடத்துவத்தின் அடையாளம்.

பங்கில் என்னென்ன பணிகள்?

ஞாயிறு திருப்பலியில் இறைவார்த்தையை வாசிப்பவர், பாடகர் குழுவினர், பீடப் பணியாளர்கள், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பவர்கள், வின்சென்ட் தே பவுல் சபை வழியாக வறிய குடும்பங்களுக்கு உதவுபவர்கள் ஆகிய அனைவரும் இந்த அழைப்புக்குப் பதில் தருபவர்களே.

அவர்களுள் நற்கருணைப் பணியாளர்களின் சேவை தனித்துச் சொல்லத்தக்கது. திருச்சபை 1973-இல் வழங்கிய அனுமதியின் பேரில், தகுதியான பொதுநிலையினர் நற்கருணை வழங்க நியமிக்கப்படுகின்றனர். நோயாளிகளுக்கும், நடக்க இயலாமல் வீட்டிலேயே இருக்கும் முதியோருக்கும் அவர்கள் நற்கருணையைக் கொண்டு செல்கின்றனர். பிள்ளைகள் நகரத்தில் வேலை பார்க்க, பெற்றோர் மட்டும் தோட்டத்தில் தங்கிவிட்ட வீடுகளில் அவரது வருகைக்குக் கூடுதல் பொருள் உண்டு. வாரத்தில் ஒருநாள் கதவைத் தட்டி, “எப்படி இருக்கீங்க அம்மா?” என்று கேட்பவராகவும் அவர் இருக்கிறார்.

அண்மைய ஆண்டுகளில் இந்தக் கதவு மேலும் திறந்திருக்கிறது. வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளில் பெண்களையும் முறைப்படி நியமிக்கலாம் என்று போப் பிரான்சிஸ் 2021 ஜனவரியில் அறிவித்தார். அதே ஆண்டு மே மாதத்தில், வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளில் ஒன்றாக ஏற்படுத்தினார்.

அன்பியம் ஏன் தேவை?

தீபகற்ப மலேசியாவின் குருக்கள் 1976-இல் பினாங்கில் கூடி, வத்திக்கான் சங்கத்தின் வெளிச்சத்தில் இந்நாட்டுத் திருச்சபையின் பாதையை ஆராய்ந்தனர். அண்டை வீட்டார் சிறு குழுவாகக் கூடி மன்றாடி, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அடிப்படைக் கிறிஸ்துவ சமூகங்களுக்கு அப்போது முதன்மை தரப்பட்டது. தமிழில் இது ‘அன்பியம்’ எனப்படுகிறது.

இதன் அருமை தோட்ட மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லயத்து வாழ்க்கையில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் எல்லா வீட்டிலும் அடுப்பு அணைந்திருக்கும். ஜெபமாலை சொல்ல ஒரு பெரியவர் முன்வந்தால் மற்றவர்கள் பாய் விரித்து அமர்ந்துவிடுவார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. அடுத்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதே தெரியாத நிலை உருவானது. தோட்டத்தில் தானாகவே இருந்த உறவை, நகரத்தில் முயன்று உருவாக்க வேண்டியிருக்கிறது. அன்பியம் அதற்கான வழி.

தயக்கத்திற்கான காரணங்கள்

“எனக்குத் தகுதியில்லை” என்பதே முதலில் வரும் பதில். தகுதி அடைந்த பிறகு அழைக்கப்பட்டவர் என்று விவிலியத்தில் ஒருவரைக் காட்டுவது கடினம். மும்முறை மறுதலித்த பேதுருவிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

அடுத்தது நேரம். ஷிப்ட் வேலை செய்பவரால் எல்லா வாரமும் வர முடியாது. மாதம் ஒருமுறை வாசிப்பதும் பணிதான். மூன்றாவது மொழி. மலாய், ஆங்கிலப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் தமிழ் வாசகத்தைப் படிக்கக் கூச்சப்படுகிறார்கள். பெரியவர் ஒருவர் சனிக்கிழமை அரைமணி நேரம் உடன் அமர்ந்து வாசிக்க வைத்தால் அந்தக் கூச்சம் விலகும். தமிழ்த் திருப்பலியின் எதிர்காலமும் அந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது.

வெளிப்படையாகப் பேசவேண்டிய இன்னொரு காரணமும் உண்டு. பணி சில இடங்களில் பதவியாக மாறிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஒருவரே பொறுப்பை வைத்துக்கொண்டால், இளையோர் ஒதுங்கிக்கொள்வார்கள். அடுத்தவரைப் பழக்கி, உரிய நேரத்தில் விலகி வழிவிடுவதும் சீடத்துவமே.

வற்புறுத்தலுக்கு இடமில்லை

சீடத்துவம் என்பது மதமாற்றப் பிரசாரம் என்ற அச்சம் பிற சமயத்தவரிடம் இருக்கலாம். நம்பிக்கை விஷயத்தில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-இல் வெளியிட்ட ஏட்டில் திட்டவட்டமாகக் கூறியுள்ளது. தாமாக விரும்பி வரும் பெரியவர்களும் உடனே திருமுழுக்குப் பெறுவதில்லை. பல மாதங்கள் கற்று, சிந்தித்து, பெரும்பாலும் பாஸ்கா திருவிழிப்பு இரவில் பெறுகின்றனர். இடையில் விலகிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

குருத்துவ அழைப்பு

பொதுநிலையினரின் பணி வளர்வதால் குருக்கள் தேவையில்லை என்றாகாது. குருக்களை உருவாக்கும் பினாங்கு பொதுக் குருமடம் 1665-இல் சயாமில் தொடங்கப்பட்டு, 1808 முதல் பினாங்கில் இயங்கி வருகிறது. ஜொகூர் பாருவில் பிறந்து, 1977-இல் குருவாகி, இதே மலாக்கா–ஜொகூர் மறைமாவட்டத்தில் பணியாற்றிய செபஸ்தியான் பிரான்சிஸ், 2012-இல் பினாங்கு ஆயராகவும் 2023-இல் கார்டினலாகவும் உயர்ந்தார். அத்தகைய அழைப்பும் வீட்டு மன்றாட்டிலும் பங்குப் பணியிலும்தான் முதலில் முளைவிடுகிறது.

எங்கே தொடங்குவது?

ஆர்வமுள்ளோர் முதலில் பங்குத்தந்தையிடமோ அன்பிய ஒருங்கிணைப்பாளரிடமோ பேசலாம். தமக்கு எது இயல்பாக வரும், எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும், வீட்டார் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து சொல்வது நல்லது. பணிக்கேற்ற பயிற்சிக்குப் பிறகே பொறுப்பு ஒப்படைக்கப்படும்.

பேச்சுத் திறமை இல்லாதவரும் வண்டி வைத்திருந்தால், கோயிலுக்கு வர வழியில்லாத ஒரு முதியவரை ஞாயிறுதோறும் ஏற்றிவந்து வீட்டில் விடலாம். அதற்கு நியமனக் கடிதமோ பயிற்சியோ தேவையில்லை.