விபூதியும் ஸ்காட்ச் ஏலும்

மெல்பர்ன் தமிழர்கள் யார்கிட்டயாவது "கேரம் டவுன்ஸ் போறேன்"னு சொல்லிப் பாருங்க. "கோயிலுக்கா?"ன்னுதான் கேப்பாங்க. நகரத்துலேர்ந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, பவுண்டரி ரோட்டுல இருக்கு சிவா விஷ்ணு கோயில். 1994ல கும்பாபிஷேகம் ஆனது. சிவன் ஒரு பக்கம், பெருமாள் ஒரு பக்கம், சண்டை சச்சரவு கிடையாது.

அதே பேரை என்கூட லேப்ல ஆணி புடுங்குற வெள்ளைக்கார நண்பன்கிட்ட சொன்னேன். "ஓ, பீர் ஊரு!"ன்னான். டெயின்டன்னு ஒரு குடும்பம் 2016ல இங்க தொழிற்பேட்டை பக்கமா சின்ன அளவுல பீர் காய்ச்சுற ஆலை திறந்தாங்க. அவனுக்கு அதுதான் கேரம் டவுன்ஸ். அவன் வீடும் இங்கதான். ஜூன் மாசத்துல ஒரு சனிக்கிழமை, காலையில சாமி கும்பிட்டுட்டு, மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். நெத்தியில விபூதியோட, ஹிஹி.

போன காரணத்தைச் சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

எங்கப்பா டாஸ்மாக் கடையில விற்பனையாளர். 2003 நவம்பர்ல மதுச் சில்லறை விற்பனையை அரசாங்கமே எடுத்துக்கிட்டப்ப, வேலையில்லாம இருந்த பட்டதாரிகள் நெறைய பேர் அதுல சேர்ந்தாங்க. அப்பாவும் ஒருத்தர், பி.காம். எனக்கு அப்ப ரெண்டு வயசு. ராத்திரி பத்தரைக்கு மேல வீட்டுக்கு வருவார். உடைஞ்ச பாட்டில், நனைஞ்ச அட்டைப்பெட்டி, இதெல்லாம் கலந்த ஒரு வாடை சட்டையில இருக்கும். அம்மா அந்தச் சட்டையை மட்டும் தனி வாளியில ஊறப் போடுவாங்க. பள்ளிக்கூடத்துல அப்பா என்ன வேலைன்னு கேட்டா "கவர்மென்ட்"னு சொல்லி நிறுத்திக்குவேன்.

இத்தனை வருஷம் வித்தவர் ஒரு சொட்டு தொட்டதில்ல. என்னைத் தொடாதேன்னு சத்தியமும் வாங்கினதில்ல. ஆனாலும் நானும் தொடல. அந்த வாளி ஒண்ணே போதுமா இருந்துச்சு.

இப்ப விதி எங்க கொண்டாந்து விட்டுச்சு பாருங்க. உணவு அறிவியல் முதுகலை. ரெண்டாவது செமஸ்டர்ல மால்ட் பத்தி ரெண்டாயிரம் வார்த்தைக்கு ஒரு அசைன்மென்ட். பார்லியை ஊற வெச்சு, நாலஞ்சு நாள் முளைக்க விட்டு, சூட்டுல காய வெச்சா மால்ட். முளைக்கிறப்ப உண்டாகுற என்சைம் இருக்கே, அதுதான் பின்னாடி வெந்நீர்ல, 65 டிகிரி வாக்குல, மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கும். படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இதைத்தானே எங்கம்மா கேழ்வரகை ஈரத்துணியில கட்டி வெச்சு, முளை விட்டதும் காயவெச்சு வறுத்து, கைக்குழந்தைங்களுக்கு மாவு திரிக்கிறாங்க? மால்ட்னா என்னன்னு எனக்கு மூணாவது மாசத்துலயே தெரியும்போல. நல்ல மார்க்தான் வந்துச்சு. "வாசனை விவரிப்பு ரொம்பப் பொதுவாக இருக்கிறது"ன்னு மட்டும் ஒரு குறிப்பு. குடிச்சாத்தானே சாமி எழுத முடியும்!

நண்பன்கிட்ட புலம்பினேன். "பீர்ல மால்ட்னா என்னன்னு தெரியணும்னா ஸ்காட்ச் ஏல்தான்"னான். அவன் தாத்தா ஸ்காட்லாந்துலேர்ந்து பத்தே பவுண்டு கப்பல் கட்டணத்துல ஆஸ்திரேலியா வந்தவர். போருக்கப்புறம் அரசாங்கமே ஆள் கூப்பிட்ட காலம் அது. (நம்மளுக்கெல்லாம் விசா கட்டணமே எத்தனை ஆயிரம், அதை விடுங்க.) பேரனுக்கு இன்னும் அந்த ஊர்ப் பாசம் விடல.

அவன் எடுத்து வெச்சது டிராகுவேர் ஹவுஸ் ஏல். ஸ்காட்லாந்துல டிராகுவேர்னு ஒரு பழைய மாளிகை. 1745ல கதவடைச்ச பெரிய வாசல் ஒண்ணு, ஸ்டூவர்ட் வம்சத்து ராஜா திரும்ப வந்தாத்தான் திறப்போம்னு இன்னிக்கும் மூடியே கிடக்கு. அந்த வீட்டுக்குள்ள குப்பை கூளத்தோட மறந்து கிடந்த பழைய பீர் காய்ச்சுற இடத்தை, 1965ல பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட்னு அந்தக் குடும்பத்துக்காரர் தூசு தட்டி மறுபடியும் ஓட்ட ஆரம்பிச்சார். கிராஃப்ட் பீர்ங்கிற பேச்சே இல்லாத காலம். நொதிக்க விடுறது இன்னமும் ஓக் மரத் தொட்டியிலதான். 7.2 சதவீதம். இதே ஆலையோட ஜாக்கபைட் ஏல்ல கொத்தமல்லி விதை போடுறாங்களாம். ரசம் வெச்சுட்டாங்க போங்க!

இந்த வகைக்கு ஸ்காட்லாந்துல ஷில்லிங் கணக்குண்டு. 60 ஷில்லிங், 70, 80ன்னு பீப்பாய் விலையை வெச்சுப் பேரு. விலை ஏற ஏறச் சரக்கும் கனம். கடைசியில 'வீ ஹெவி'. 'வீ'ன்னா அவங்க பேச்சுல குட்டின்னு அர்த்தம், 'ஹெவி' நமக்கே தெரியும். குட்டி பாட்டில்ல அடைச்சு வித்த கனமான பீர்.

அந்த ஊர்ல ஹாப்ஸ் விளையாது, அதனால கம்மியாப் போட்டாங்க, அதனாலதான் கசப்பில்லாம இனிக்குதுன்னு ஒரு கதை ஊரெல்லாம் சுத்துது. நானும் அசைன்மென்ட்ல எழுதித் தொலைச்சுட்டேன். பழைய ஆலைகளோட கணக்குப் புத்தகத்தைப் புரட்டினவங்க, இங்கிலாந்துக்காரங்க அளவுக்கே ஹாப்ஸ் போட்டிருக்காங்கன்னு காட்டிட்டாங்க. இனிப்புக்குக் காரணம் மால்ட் அதிகம், ஈஸ்ட் அதை முழுசாத் தின்னு தீர்க்காம விடுறது. இதெல்லாம் முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம். அவ்வ்வ்.

நண்பன் பாட்டிலை ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து அரை மணி நேரம் சும்மா வெச்சான். ஜில்லுன்னு குடிச்சா நாக்கு மரத்துப் போயி ஒரு ருசியும் தெரியாதாம். 12 டிகிரி வாக்குல இருக்கணுமாம். சின்ன கிளாஸ்ல 150 மில்லி ஊத்தினான்.

பாத்தா கடுங்காப்பி. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சா ஓரத்துல சிவப்பு. மோந்து பாத்தேன். சத்தியமாச் சொல்றேன், கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுப் பாகு காய்ச்சுறப்ப, கொஞ்சம் அசந்து அடிப்பிடிக்கப் போற நேரத்துல வர்ற வாசனை. பின்னாடியே உலர்திராட்சை, ரஸ்க். மொதல் வாய் பிடிக்கல. இனிப்பை எதிர்பாத்த நாக்குல சுர்ருன்னு ஒரு சூடு. ரெண்டாவது வாய்ல மால்ட் தெரிஞ்சுது, வறுத்த கேழ்வரகு மாவை வெறும் வாயில அள்ளிப் போட்ட மாதிரி. முழுங்கினப்புறம் இனிப்பு போயி, லேசா வறண்ட கசப்பு. அந்த 150 மில்லிக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. ரெண்டாவது கிளாஸ் வேணாம்னுட்டேன். பிடிக்காம இல்ல, போதும்னு தோணுச்சு.

வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்பதான் வயித்தைப் பிசைஞ்சுது. சாயங்காலம் நாலு மணி. ஊர்ல பதினொண்ணரை. அப்பா கடைக்குக் கிளம்புற நேரம். யோசிக்காம போன் போட்டுட்டேன்.

"அப்பா, இன்னிக்கு பீர் குடிச்சேன். கொஞ்சூண்டு. படிப்புக்காகத்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. வண்டிச் சாவி கிலுங்குறது மட்டும் கேட்டுச்சு. திட்டட்டும்னு காத்திருந்தேன்.

"அது எப்படிய்யா இருக்கும்?"ன்னார்.

"எதுப்பா?"

"ருசிதான். இத்தன வருசமா விக்கேன். கூலிங் இருக்கான்னு கேப்பானுவ, எது சட்டுனு ஏறும்னு கேப்பானுவ. ருசி எப்படின்னு ஒருத்தன்கூடச் சொன்னதில்ல. நானும் யார்ட்ட கேக்க?"

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. கருப்பட்டியைச் சொன்னேன், அடிப்பிடிச்ச பாகைச் சொன்னேன், அம்மாவோட முளைகட்டின மாவைச் சொன்னேன். அசைன்மென்ட்ல எழுதினதைவிட நல்லாவே சொன்னேன்னு நெனைக்கிறேன். ஒவ்வொண்ணுக்கும் "ம்... ம்..." போட்டுக் கேட்டார்.

"கூலிங் இல்லாமயா குடிச்ச?"

"ஆமாப்பா."

"எங்க கடைல அப்படிக் குடுத்தா பாட்டிலத் தூக்கி எறிவான்." சிரிச்சார். அப்புறம் விலை கேட்டார். நண்பன் எனக்குச் சொன்ன விலையைச் சொன்னதும் "ஏ யப்பா"ன்னார். "சரிய்யா, ஷட்டர் தூக்கணும். சாப்ட்டு வெளிய போ, குளிராக் கெடக்கும்"னு வெச்சுட்டார்.

டிஸ்கி: அப்பா இன்னும் அம்மாகிட்ட சொல்லலையாம். அவங்க இந்தப் பக்கம் வர்றதில்லைங்கிற தைரியத்துலதான் இதை எழுதுறேன். யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க மக்களே :-)