மூன்று சிறிய வன்வட்டுகள், ஒரு லினக்ஸ்

செம்பவாங்கில் எங்கள் வீட்டுப் பண்டக அறையில் மூன்று பழைய வன்வட்டுகள் கிடந்தன. ஒன்று 40 ஜிகாபைட், மற்றொன்று 80, மூன்றாவது 160. மின்கழிவுத் தொட்டியில் போடச் சொன்னார் அப்பா. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. அதில் இவற்றையும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளி விடுமுறையில் மூன்றையும் பழைய மேசைக் கணினி ஒன்றில் பொருத்தி, டெபியன் லினக்ஸ் நிறுவ முடிவு செய்தேன்.

விண்டோசில் ‘சி’, ‘டி’ என்று தனித்தனி எழுத்துகள் இருக்கும். லினக்சில் எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தின் கிளைகள். அதன் வேருக்கு ‘ரூட்’ என்று பெயர். எந்தக் கிளையையும் வேறொரு வட்டில் வைக்கலாம். அதனால் சிறிய வட்டுகள் பல இருந்தாலும் சிக்கல் இல்லை.

‘எல்விஎம்’ முறையில் அவற்றை ஒரே பெரிய வட்டுபோல இணைக்கவும் முடியும். ஆனால், அப்படி இணைத்தபின் ஒன்று பழுதானாலும் மற்றவற்றில் உள்ள கோப்புகளும் கிடைக்காமல் போகக்கூடும். பழைய வட்டுகளை நம்பி அந்த ஆபத்தில் இறங்க நான் விரும்பவில்லை.

எனவே வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். 40 ஜிகாபைட் வட்டில் இயங்குதளம். 80 ஜிகாபைட் வட்டில் 4 ஜிகாபைட்டை நினைவகத்துக்குக் கைகொடுக்கும் ‘ஸ்வாப்’ பகுதிக்கு ஒதுக்கி, மீதியை என் கோப்புகளுக்கான ‘ஹோம்’ பகுதியாக்கினேன். 160 ஜிகாபைட் வட்டு காப்பு நகல்களுக்கு.

அந்த 160 ஜிகாபைட் வட்டில்தான் தாத்தா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்த காலப் படங்களை அப்பா வருடி வைத்திருந்தார். வேறு நகல் கிடையாது.

நிறுவும்போது திரையில் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் வந்தன. முதல் நாள் குறித்துவைத்தபடி எஸ்டிஏவைத் தேர்ந்தெடுத்தேன். ‘மாற்றங்களை வட்டில் எழுதவா?’ என்று கேட்டது. ‘ஆம்’ என்று அழுத்தப்போன நேரத்தில் கொள்ளளவைப் பார்த்தேன்: 160! கணினியை மீண்டும் தொடங்கும்போது இந்தப் பெயர்கள் இடம் மாறக்கூடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

உடனே நிறுத்தினேன். படங்களை விரலியில் நகலெடுத்தேன். கணினியை அணைத்து, அந்த வட்டின் கம்பியைக் கழற்றிய பிறகே மற்ற இரண்டிலும் லினக்ஸ் நிறுவினேன். முடிந்தபின் அதை மீண்டும் இணைத்து, ‘யூயூஐடி’ எனும் மாறாத அடையாள எண்ணைக் கொண்டு பதிவு செய்தேன்.

நீங்களும் முயன்று பாருங்கள். முதலில் நகல் எடுங்கள். வட்டின் பெயரை மட்டும் நம்பாமல் கொள்ளளவையும் சரிபாருங்கள். அழியக்கூடாத வட்டு இருந்தால், கம்பியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.