ஓடாமலே ஒரு மூச்சுக் கணக்கு

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் காலை ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான். கழுத்தில் ஐடி கார்டும் தோளில் சாப்பாட்டுப் பையுமாகப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடிவருகிற இருவரைக் கவனித்தால் தெரியும். ஒருவர் ஏறிய உடனே பேச்சைத் தொடங்கிவிடுவார். இன்னொருவருக்குச் செவ்வாப்பேட்டை ரோடு தாண்டியும் இளைப்பு அடங்காது.

இந்த வித்தியாசத்துக்கு உடலியலில் ஓர் எண் உண்டு: விஓ2 மேக்ஸ். முழு வேகத்தில் உழைக்கும்போது உடம்பு ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதே அது. 1920களில் இங்கிலாந்தின் உடலியலாளர் ஏ.வி. ஹில், முதுகில் காற்றுப்பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் தானே ஓடி அளந்தார். இன்று ட்ரெட்மில், முகமூடி, பக்கத்திலேயே டாக்டர். காக்களூர் தொழிற்பேட்டையில் ஐம்பது பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது.

ஓடாமலே கணக்குப் போட முடியுமா? முடியும் என்றது ஆய்வாளர் ஆண்ட்ரூ ஜாக்சனின் குழு. நாசாவின் ஜான்சன் விண்வெளி மைய ஊழியர்களை ட்ரெட்மில்லில் ஏற்றி அளந்து, அதை வைத்து 1990இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். வயது, ஆணா பெண்ணா, வழக்கமான உடற்பயிற்சி; இவற்றோடு பிஎம்ஐ (உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு) அல்லது உடம்பின் கொழுப்புச் சதவீதம். ஐந்தாறு மில்லி முன்னே பின்னே இருக்கும்.

அந்த 'அல்லது'தான் நமக்கு முக்கியம். 2004இல் லான்செட் இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது: புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு அது. ஜாக்சன் சூத்திரத்தில் ஒரு சதவீதக் கொழுப்பு கூடினால் 0.55 மில்லி குறையும். வயதும் பயிற்சியும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், பிஎம்ஐ கணக்கில் சமமாக நிற்கும் இருவருக்கிடையே கொழுப்புக் கணக்கில் ஆறரை மில்லிக்கு மேல் இடைவெளி விழுகிறது.

அந்தச் சதவீதத்தைத்தான் மின்சாரம் சொல்கிறது. ஜிம்களில் வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொல்கிற எடை மெஷின் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்னோட்டத்தை, நொடிக்குச் சுமார் 50,000 சுற்று வீதம் முன்னும் பின்னும் திசைமாற்றி, ஒரு கால் வழியாக ஏற்றி மறுகால் வழியாக இறக்குகிறது. உடம்புக்குத் தெரியவே தெரியாது. கொழுப்பு நீங்கலான உடம்பில் ஏறக்குறைய 73 சதவீதம் உப்புக் கலந்த நீர். மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பு வழிவிடாது. இந்தத் தடையோடு உயரத்தைச் சேர்த்தால் நீரின் அளவு, அதிலிருந்து கொழுப்பு நீங்கலான எடை, மொத்த எடையில் மிச்சம் கொழுப்பு. தொப்பைப் பக்கம் மின்சாரம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே மெஷின் சொல்வது பெரும்பாலும் ஊகம்.

நீரை நம்பிய கணக்கு என்பதால் நீர் குறைந்தால் கணக்கும் ஆடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலைப் பக்கம் ஒரு ஷிஃப்ட் முழுக்க வேர்த்துவிட்டு வந்தவரை நிறுத்தினால், இல்லாத கொழுப்பைக்கூடக் காட்டலாம். காய்த்துப்போன, வறண்ட உள்ளங்காலும் தகராறு செய்யும். காலையில், சாப்பிடும் முன் ஏறுவதே சரி.

இதைவிடப் பெரிய ஓட்டை ரத்தத்தில் இருக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமப்பது சுமார் 1.34 மில்லி ஆக்சிஜன். நூறு மில்லி ரத்தத்தில் 13 கிராம் உள்ள பெண்ணுக்கு 17 மில்லிக்கு மேல். 9 கிராம் உள்ளவருக்கு 12தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரே வயது, ஒரே எடை, ஒரே பயிற்சி, ஒரே கொழுப்பு என்றால் அந்த இருவருக்கும் சூத்திரம் ஒரே மார்க்தான் போடும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்காமல் இந்த எண்ணை வைத்து யாரையும் வேலைக்குத் தகுதி, தகுதியில்லை என்று பிரிப்பது அநியாயம்.

இதே மின்தடையை மார்பில் அளந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தைக் கணிக்கலாம். 1966இல் மினசோட்டாவின் குபிசெக், நாசாவுக்காகச் செய்து காட்டினார். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமும் அந்த வகைக் கருவிகளைச் சொந்தமாக உருவாக்கியது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)