கைத்தொலைபேசியைக் கணினியால் மீட்டல்



நேற்றுவரை நன்கியங்கிய கைத்தொலைபேசி ஒன்று திடீரென மயங்கிவிடுகின்றது. விசையை அழுத்தினால் உற்பத்தியாளரின் முத்திரை திரையிலே தோன்றுகின்றது, மறைகின்றது, மீண்டும் தோன்றுகின்றது. அதற்கப்பால் ஒன்றும் நிகழ்வதில்லை. யாழ்ப்பாண நகரிலோ சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ உள்ள திருத்தும் கடைக்குக் கொண்டுசென்றால், “சொப்ட்வெயர் போடவேணும்” என்பர். அச்சிறு தொடருள் அடங்கிய செயல் யாது என்பதையே இன்று விளக்க முற்படுகின்றேன்.

கருவியை இயக்கும் கட்டளைத் தொகுதி அதன் நினைவகத்தில் எழுதப்பட்டுள்ளது. இதனை நிலைப்பொருள் என்பர். கருவி படிப்படியாகவே விழிக்கின்றது. ஆலையிலேயே சில்லினுட் பொறிக்கப்பட்ட, மாற்றவொண்ணாத சிறு நிரலொன்று முதலில் எழுகின்றது. அஃது அடுத்த படியிலுள்ள தொடக்க நிரலின் கையொப்பத்தைச் சோதித்து, மெய்யெனக் கண்டாற் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கின்றது. தொடக்க நிரலும் அவ்வாறே இயங்குதளத்தைச் சோதித்து எழுப்புகின்றது. இறுதிப் படி பழுதுற்றாலும், முன்னைய படிகள் நலமாயிருப்பின், கருவி வடத்தின் வழியே கணினியின் சொற்கேட்கும். மீட்பு அந்நிலையிலேயே நிகழ்கின்றது.

ஐபோன் 8 முதலான கருவிகளிற் செய்முறை இது. கருவியைக் கணினியோடு இணைத்து, ஒலி கூட்டும் விசையை ஒருமுறை அழுத்தி விடுக. ஒலி குறைக்கும் விசையையும் அவ்வாறே செய்க. பின்னர்ப் பக்க விசையை, கணினியும் வடமும் திரையிற் காணுமளவும் விடாது பிடித்திருக்க. அப்பொழுது கணினி இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று புதுப்பித்தல், மற்றையது மீட்டல். புதுப்பித்தல் இயங்குதளத்தை மாத்திரம் மாற்றி எழுத முயலும். மீட்டலோ கருவியிலுள்ள யாவற்றையும் துடைத்துவிடும். அவசரத்தில் இரண்டாவதைத் தெரிவோர் பலர். முதலாவதையே முதலில் முயல்க. அப்பிள் நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றே கணினி எழுதுமாதலின், இணையம் இன்றியமையாதது. கோப்பு பெரிது, அதனை இறக்க 15 நிமிடத்திற்கு மேற்பட்டாற் கருவி அந்நிலையை விட்டு நீங்கிவிடும். அஞ்சற்க, கோப்பு முற்றாக வந்தபின் விசைகளை மீண்டும் அவ்வாறே அழுத்தினாற் போதும்.

அன்ட்ரொயிட் கருவிகளில் முறை நிறுவனந்தோறும் வேறுபடும். கருவியின் மாதிரி எண்ணுக்குரிய கோப்பையன்றி வேறொன்றை எழுதலாகாது என்பது மாத்திரம் எல்லாவற்றுக்கும் பொது.

எழுதும் வேளையிற் கணினி அணைந்துவிட்டால் வேலை அரைகுறையாகும். 1990இன் பின் பல்லாண்டுகள் தேசிய மின்வலையினின்று துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டில், மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோர் இவ்வுரையையும் கேட்டுக்கொண்டிருத்தல் கூடும். அவர்களுக்கு மின்சாரத்தின் நிலையாமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஆதலின் மின்கலம் நிறைந்த மடிக்கணினியே இவ்வேலைக்கு ஏற்றது.

நிற்க. கருவி பிழைத்தாலும் அதனுள் இருந்த படங்கள் திரும்புமா? மீட்டல் நிகழ்ந்தபின் திரும்பா. அவை மறையீடு செய்யப்பட்டுள்ளன. துடைக்கும்போது அவற்றைத் திறக்கும் சாவியே அழிகின்றது. எடுத்துத் தருவேன் என்று வாக்களிக்கும் கடைக்காரரை நம்பற்க. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. கட்டடம் பின்னர் எழுந்தது. வேறிடங்களிற் படியிருந்த அச்சுநூல்களை மீண்டும் பெற முடிந்தது. படியெடுக்கப்படாத ஏடுகளோ மீளவில்லை. நிலைப்பொருள் அச்சுநூலை ஒத்தது. அதன் படி உற்பத்தியாளரிடம் உண்டு. மகளின் திருமணப் படமும், மறைந்த தாயாரின் குரற்பதிவும் ஏட்டை ஒத்தவை. கருவி நலமாயிருக்கும்போதே அவற்றைக் கணினியிலோ வேறொரு வட்டிலோ படியெடுத்து வைத்தல் வேண்டும்.

இன்னொரு சிக்கல் நம்மவர்க்கே சிறப்பாக நேர்வது. வெளிநாட்டு உறவினர் தாம் பாவித்த ஐபோனை அனுப்பிவைக்கின்றனர். அதில் அவருடைய கணக்கு நீக்கப்படாதிருப்பின், மீட்டு முடிந்ததும் கருவி அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அதனைத் திருத்துபவர் அறியார். ரொறன்ரோவில் இருக்கும் மாமாவே அறிவார். இங்கே காலை 10 மணியாயின் அங்கே நள்ளிரவு. அவர் துயிலெழுமளவும் பொறுத்திருக்க வேண்டியதுதான்.