எதிரே விமானமே இல்லை... ஆனாலும் அலறிய எச்சரிக்கை!

2025 மார்ச் 1. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த பல விமானங்களில், மோதலைத் தடுக்கும் 'டிகாஸ்' கருவி திடீரென அலறியது. அருகில் வேறு விமானமே இல்லை! ட்ரோன் எதிர்ப்புக் கருவியின் சோதனையே காரணம் என்று அமெரிக்க செனட்டில் பின்னர் சொல்லப்பட்டது.

பொய்யாக இருக்கலாம் என்று விமானி அலட்சியம் செய்யலாமா? கூடாது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் வானில் ரஷ்யப் பயணிகள் விமானத்தை 'ஏறு' என்றது டிகாஸ். கட்டுப்பாட்டு அதிகாரியோ 'இறங்கு' என்றார். விமானம் இறங்கியது. டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்த சரக்கு விமானத்தில் மோதி, 71 பேர் பலி. பலர் பள்ளிப் பிள்ளைகள்.

அதன்பின் விதி தெளிவானது: யார் என்ன சொன்னாலும் டிகாஸ் பேச்சைத்தான் கேட்க வேண்டும். யோசிக்கச் சில நொடிகள்கூட இல்லை. பொய் எச்சரிக்கை பழகிவிட்டால், நிஜ ஆபத்தில் கை தயங்கும். பயமே அதுதான்.